பதினோரு மில்லிகிராம் உதைத்தது!

பி.காம். படித்தவனுக்குக் கெமிஸ்ட்ரியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கணக்கு டேலி ஆகாத ராத்திரிகளைப் பார்த்தவன் நான், அந்தத் தகுதி போதும். முதல் வேலையில் டிரயல் பாலன்ஸ் பதினோரு ரூபாய் உதைத்தது. "சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுட்டு வீட்டுக்குப் போப்பா" என்றார் சீனியர். போட்டேன், போனேன்.

லார்டு ராலே அப்படிப் போகாத ஆசாமி.

இங்கிலாந்துப் பிரபு. வீட்டிலேயே லேபரட்டரி வைத்துக்கொண்டு வாயுக்களை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்ஸிஜன், ஈரம், கரியமில வாயு எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் நைட்ரஜன். அம்மோனியாவை வைத்தும் நைட்ரஜன் தயாரிக்கலாம். இரண்டும் ஒரே சரக்குதானே? ஆனால் காற்று நைட்ரஜன் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதல் கனம்!

மனுஷர் 1892-ல் 'நேச்சர்' பத்திரிகைக்கு, 'கெமிஸ்ட்ரி தெரிந்தவர்கள் காரணம் சொல்லுங்களேன்' என்கிற ரீதியில் கடிதமே எழுதிவிட்டார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாமெல்லாம் வித்தியாசத்தை எப்படிக் குறைக்கலாம் என்று பார்ப்போம். இவர் அதைப் பெரிசாக்கிப் பார்த்தார். அம்மோனியா முறையில் காற்று நைட்ரஜனும் கலந்திருந்தது. அதை அறவே நீக்கி, முழுக்க ரசாயனங்களிலிருந்தே நைட்ரஜன் எடுத்து நிறுத்தார். அதே குடுவையில் காற்று நைட்ரஜன் 2.310 கிராம், இது 2.299. பதினோரு மில்லிகிராம் துண்டு விழுந்தது. இருநூறில் ஒரு பங்கு!

லண்டன் பேராசிரியர் வில்லியம் ராம்சே கூட்டுச் சேர்ந்தார். பழுக்கக் காய்ச்சிய மெக்னீசியம் நைட்ரஜனை விழுங்கிவிடும். காற்று நைட்ரஜனை அதன்மேல் திரும்பத் திரும்ப அனுப்பினார். கடைசியில் எதற்கும் மசியாத ஒரு வாயு மிஞ்சியது. அதன் நிறமாலைக் கோடுகள் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் அறிவித்தார்கள். எதோடும் சேராமல் சும்மா இருப்பதால் பெயர் ஆர்கான். கிரேக்க மொழியில் சோம்பேறி! (பக்கத்து சீட்டைப் பார்க்காதீர்கள்.)

வேடிக்கை என்னவென்றால், 1785-லேயே ஹென்றி கேவன்டிஷ் காற்றில் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜனைத் தீர்த்தபோது, 120-ல் ஒரு பங்குகூட இல்லாத ஒரு குமிழி மட்டும் கரையாமல் நின்றது. அதையும் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். நூறு வருஷ சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

மெண்டலீவ் லேசில் நம்பவில்லை. அவருடைய அட்டவணையில் இதற்கு இடமே இல்லை, மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒட்டிக்கொண்டதாக இருக்கும் என்றார். ராம்சே சளைக்காமல் அடுத்தடுத்து ஹீலியத்தைப் பிரித்தெடுத்து, 1898-ல் நியான், கிரிப்டான், ஜெனான் என்று ஒரு குடும்பத்தையே கண்டுபிடித்தார். அட்டவணைக்குப் புது வரிசை போட வேண்டியதாயிற்று. 1904-ல் ராலேக்கு பிசிக்ஸ் நோபல், ராம்சேக்கு கெமிஸ்ட்ரி நோபல்.

இந்தச் சோம்பேறி காற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. கரியமில வாயுவைவிட இருபது மடங்குக்கும் மேல். இதைப் படிக்கும்போதே பல தடவை உள்ளே இழுத்து வெளியே விட்டிருப்பீர்கள்.

2000-ல் ஃபின்லாந்து விஞ்ஞானிகள் ஒருவழியாக அதை ஹைட்ரஜனோடும் ஃப்ளூரினோடும் சேர்த்து வைத்தார்கள். மைனஸ் 246 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரைதான் அந்தக் குடித்தனம். கொஞ்சம் சூடு ஏறினால் பிரிந்துவிடுகிறது.