நாலு அங்குலம் அகலமான கார்

சைக்கிள் பழுதுபார்த்துத் தொடங்கி, 'புல்நோஸ்' காரால் பெரும் செல்வரான வில்லியம் மோரிஸின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இரண்டாம் உலகப் போர் முடியும்போது அவர் நஃபீல்ட் பிரபு. அவருக்கு அறவே பிடிக்காத ஒரு கார்தான் அவருடைய பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் 1906-ல் ஸ்மிர்னாவில் பிறந்தவர். 1922-ல் குடும்பத்தோடு அகதியாக அந்நகரை விட்டு வெளியேறியவர். போர்க்காலத்திலேயே சிறிய கார் ஒன்றை வரையத் தொடங்கிவிட்டார். திட்டத்துக்கு 'மஸ்கிட்டோ' என்று பெயர்; பின்னால் அதுவே மோரிஸ் மைனர் ஆனது. முட்டையைப் போலிருக்கிறது என்று முகம் சுளித்தார் நஃபீல்ட்.

வடிவமைத்தவருக்கே அதில் ஒரு குறை உறுத்திக்கொண்டிருந்தது. நீளத்துக்கு ஏற்ற அகலம் இல்லை. உற்பத்திக்கான ஏற்பாடுகள் ஏறக்குறைய முடிந்துவிட்ட 1947-ல், மாதிரி காரை நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வைத்துப் பார்த்தார்கள். நாலு அங்குல இடைவெளி வந்ததும், போதும் என்றார்.

அதற்குள் பம்பர்கள் தயாராகிவிட்டிருந்தன. அவற்றை வீசியெறியவில்லை; நடுவில் வெட்டி, இடைவெளியை ஒரு தகட்டுத் துண்டால் இணைத்தார்கள். ஆரம்பகால மைனர்களின் பம்பரில் அந்த ஒட்டைப் பார்க்கலாம். பானட்டின் நடுவே பட்டையாக மேடிட்டு ஓடும் பகுதியும் அந்த நாலு அங்குலம்தான். ஒட்டை மறைக்காமல் அழகாக்கிவிட்ட அந்தக் கை எனக்கு இன்றும் வியப்பு.

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் அறிமுகமானது. ஜாகுவார் எக்ஸ்கே 120 எல்லார் கண்ணையும் பறித்த அதே கண்காட்சி. ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், முன்சக்கரங்களுக்கு டார்ஷன் பார் என, ஏழைக்கேற்ற காரில் அன்று யாரும் எதிர்பாராதவை இருந்தன. எஞ்சின்தான் பழசு, போருக்கு முந்தைய மோரிஸ் எய்ட்டின் 918 சிசி. இஸிகோனிஸ் விரும்பியது கிடைமட்டமாகப் படுக்கும் நாலு சிலிண்டர் எஞ்சின். அது கைவிடப்பட்டாலும், அதற்காக ஒதுக்கிய தாராளமான இடம் பானட்டுக்கடியில் அப்படியே நின்றது. மெக்கானிக்கின் கை தடையில்லாமல் உள்ளே போய்வர முடிந்தது.

1952-ல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்த பிறகு 803 சிசி எஞ்சின் வந்தது, இழுவை போதவில்லை. 1956-ல் 948 சிசியும், இரண்டாகப் பிரியாத ஒற்றை முன்கண்ணாடியும் வந்த பின்பே மைனர் முழுமை பெற்றது என்பேன். பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அதுதான்.

இலங்கையில் அதன் ஆயுள் இன்னும் நீண்டது. 1990-களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, சில துளி பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். நவீன எஞ்சின் இதற்கு இணங்காது. குறைந்த அழுத்தத்தில் இயங்கும் மைனரும் ஆஸ்டின் ஏ40-யும் இணங்கின. புகை கக்கிக்கொண்டே நோயாளிகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தன.

இங்கிலாந்தில் 1971-ல் மைனர் உற்பத்தி நின்றது. இஸிகோனிஸ் அதற்கு வெகு முன்பே, எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்த இன்னொரு குட்டிக் காரோடு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டார். மினியின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)