நனையாத் துணியும் நீங்காக் கறையும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

"ஆடையில்லாதவன் அரை மனிதன்" என்பர் நம் முன்னோர். ஆடை அணிந்தும் ஒருவன் அரை மனிதனாகத் தவிக்கலாம் என்பதைத் தேசிய மாணவர் படை முகாமில் நான் உணர்ந்தேன். ரப்பர் பூசிய மழைக்கோட்டுடன் கொட்டும் மழையில் நடந்தோம். ஒரு துளி மழையும் உள்ளே வரவில்லை. ஆயினும் கோட்டைக் கழற்றியபோது சட்டையைப் பிழியலாம் போலிருந்தது. அத்தனையும் என் வியர்வையே!

வெளியேயுள்ள நீரைத் தடுக்க வேண்டும். உள்ளேயுள்ள ஆவியை வெளியே விடவும் வேண்டும். மலையேறுவோருக்கு இது வெறும் வசதி அன்று. குளிரில் வியர்வையால் நனைந்த உடல் விரைவாக வெப்பத்தை இழக்கும். உயிருக்கே ஆபத்து நேரும்.

இரண்டாம் உலகப் போரின்போது மான்செஸ்டரிலிருந்த ஷெர்லி ஆய்வு நிலையத்தார் இதற்குப் பருத்தியிலேயே விடை கண்டனர். நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்த 'வென்டைல்' என்னும் துணி அது. நனைந்ததும் இழைகள் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். கடலில் விழும் விமானிகளைக் காக்கவே அது உருவாக்கப்பட்டது. ஆனால் நனைந்தால் கனக்கும், விறைத்தும் போகும்.

அடுத்த விடை 1969-இல் அமெரிக்காவில் கிடைத்தது. நாம் டெஃப்லான் என்றழைக்கும் பொருளின் சூடான கம்பியை ராபர்ட் கோர் மெல்ல இழுத்துப் பார்த்தார், அறுந்துகொண்டே இருந்தது. பொறுமையிழந்து ஒருமுறை வெடுக்கென இழுத்தார். அறுபடாமல் பல மடங்கு நீண்டது! அவ்வாறு விரிந்த சவ்வின் துளைகள் நீர்த்துளியைவிட ஏறத்தாழ 20,000 மடங்கு சிறியவை. நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியவை. மழை நுழையாது, வியர்வையின் ஆவி வெளியேறும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. சவ்வைப் போர்த்தும் வெளித்துணியில் நீர் ஒட்டாதிருக்கப் புளூரின் சேர்மங்களைப் பூசினர். கார்பன்-புளூரின் பிணைப்பு மிக வலிமையானது. வெயிலோ நுண்ணுயிரோ அதை எளிதில் சிதைப்பதில்லை. ஆலைக் கழிவிலும் சலவை நீரிலும் கலந்த இச்சேர்மங்கள் ஆற்றிலும் மனித இரத்தத்திலும் தங்கிவிட்டன. அவற்றுள் ஒன்றான பெர்ஃபுளூரோ ஆக்டனாயிக் அமிலத்தை 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை விலக்குப் பட்டியலில் சேர்த்தது. 2023-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. கலிபோர்னியாவில் இச்சேர்மங்களைச் சேர்த்த புதிய ஆடைகளின் விற்பனைக்கு 2025 முதல் தடை உள்ளது. கடும் மழைக்கான ஆடைகளுக்கு மட்டும் 2028 வரை விலக்கு. ஈடான மாற்றைக் காண்பது எவ்வளவு கடினம் என்பதை அவ்விலக்கே காட்டுகிறது.

மாற்றுகள் வராமலில்லை. கோர் நிறுவனமே 2022-இல் புளூரின் இல்லாத பாலிஎத்திலீன் சவ்வை வெளியிட்டது. வெளித்துணிக்கு மெழுகும் சிலிக்கோனும் பூசுகின்றனர். இவை நீரை விலக்கும், எண்ணெயை விலக்கா. எனவே உடலின் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் படியப் படிய, துணி நீரை உறிஞ்சத் தொடங்கும். அடிக்கடி துவைக்க வேண்டும். அவ்வப்போது மீண்டும் பூச வேண்டும். அதாவது, இதுவரை நச்சுப்பொருள் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை இனி அணிபவரே ஏற்க வேண்டும். அந்தச் சிறு தொல்லைக்கு நாம் உடன்படாவிட்டால் எந்த ஆய்வகமும் நமக்கு உதவ முடியாது.

"வலிமை மிக்க பிணைப்பு எது?" என்ற வினாவுக்கு விடையெழுதி நான் மதிப்பெண் பெற்றிருக்கிறேன். பயன் முடிந்தபின் அப்பிணைப்பு என்னவாகும் என்று அன்று எவரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. ஒரு பொருளை ஆக்கும்போதே அதன் முடிவையும் எண்ணிப் பார்ப்பதே இனி வேதியியல் மாணவர்தம் முதற்பாடமாக வேண்டும்.