மூச்சைப் படம் பிடிக்கும் பட்டி

பலாப்பழம் வாங்கச் செல்பவர் அதை அறுத்துப் பார்த்து வாங்குவதில்லை. விரலால் தட்டுகிறார், எழும் ஒலியைக் கொண்டு உள்ளே சுளை பழுத்திருக்கிறதா என்று தீர்மானிக்கிறார். வைத்தியர் நோயாளியின் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதும் இவ்வகையினதே. வியன்னா நகரில் தொழில் புரிந்த அவுவன்புருக்கர் என்னும் வைத்தியர் 1761ஆம் ஆண்டிலே இம்முறையை நூலாக எழுதி வெளியிட்டார். அவருடைய தந்தையார் விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி உள்ளே மது எவ்வளவு இருக்கிறதென்று அறியும் வழக்கத்தை மகன் அங்கே கண்டிருப்பார் என்பர்.

பின்னர் எக்ஸ்ரே வந்தது. அதனினும் நுட்பமான குறுக்குவெட்டுப் படங்களும் வந்தன. ஆயினும் இவையெல்லாம் ஒரு கணத்தின் தோற்றத்தையே காட்டுவன. சுவாச யந்திரத்தின் துணையுடன் உயிர் தாங்கிக் கிடக்கும் நோயாளிக்கு வேண்டுவது காலையில் எடுத்த நிழற்படமன்று. இப்பொழுது செலுத்திய காற்றுச் சுவாசப்பையின் எப்பகுதிக்குச் சென்றது, எப்பகுதிக்குச் செல்லவில்லை என்பதே அவருடைய வைத்தியர் அறிய வேண்டிய செய்தி. அச்செய்தியை, கட்டிலை விட்டு அசைக்காமல், கதிர்வீச்சு யாதுமின்றி, மூச்சுக்கு மூச்சு அறிவிக்கும் முறையொன்று இன்று உண்டு. நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஒரு பட்டியும், உடலால் உணர முடியாத சிறு மின்னோட்டமும் அதற்குப் போதும்.

அச்செய்தி ஏன் அத்துணை அவசியம் என்பதை முதலில் பார்ப்போம். சுவாசப்பையிலே கடும் அழற்சி உண்டாகி நீர் கசியும்போது, மல்லாந்து கிடக்கும் நோயாளியின் முதுகுப்புறப் பகுதி தன் பாரத்தாலேயே அமுங்கிக் காற்றுப் புகாததாகி விடுகிறது. முன்புறத்திற் சிறு பகுதியே திறந்திருக்கும். யந்திரமோ ஒரே குழாய் வழியாக ஊதுகிறது. காற்றும் நீரைப் போன்றதே. எளிய வழியையே நாடும். ஆகவே நல்ல பகுதி அளவுக்கு மீறி விரிந்து புண்படுகிறது. கெட்ட பகுதியோ காற்றின்றியே கிடக்கிறது. காக்க வந்த யந்திரமே ஊறு செய்வதென்பது இதுதான். இது வெறும் ஐயமன்று. அமெரிக்காவில் 861 நோயாளரைக் கொண்டு நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உயரத்துக்குத் தக்கதாகக் கணித்த உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு, மூச்சொன்றுக்கு 12 மில்லிலீற்றர் காற்றுப் பெற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். அதிற் பாதியளவாகிய 6 மில்லிலீற்றர் பெற்றோருள் மாண்டவர் நூற்றுக்கு 31 பேரே.

இனி, மின்சாரத்துக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். இரத்தம் உப்புக் கலந்த நீர்; மின்சாரத்தை எளிதிற் கடத்தும். காற்றோ கடத்தாது. எனவே சுவாசப்பை காற்றால் நிறையும்போது அதன் மின்தடை ஏறுகிறது. காற்று வெளியேறும்போது இறங்குகிறது. ஓமின் விதியைக் கற்ற மாணவருக்கு மீதி விளங்கும். மின்னோட்டத்தைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளந்தால் தடையை அறியலாம் அன்றோ? நெஞ்சுப்பட்டியில் வழக்கமாக 16 மின்வாய்கள் இருக்கும். அடுத்தடுத்த இரண்டின் வழியாகச் சில மில்லியம்பியர் அளவான, விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்னோட்டத்தைச் செலுத்துவர். அவ்விரண்டையும் தொடாத மற்றைய அயற்சோடிகள் 13. அவை ஒவ்வொன்றிலும் மின்னழுத்தத்தை அளப்பர். பின்னர் அடுத்த சோடிக்கு மின்னோட்டம் மாறும். இவ்வாறு ஒரு சுற்று முடிகையில் 16ஐ 13ஆற் பெருக்கிய 208 அளவுகள் கிடைக்கும். இன்றைய கருவிகள் விநாடிக்கு 50 சுற்று வரை முடிக்க வல்லவை.

அளவுகள் கிடைத்து விட்டன; படம் எங்கே? இங்கேதான் கணிதம் குறுக்கிடுகிறது. எக்ஸ்ரே நேர்கோட்டிற் செல்லும். மின்னோட்டமோ வயலிற் பாய்ச்சிய நீர்போலப் பரந்து ஓடும். ஆகையால் உள்ளேயிருக்கும் பெரிய வேறுபாடும் வெளியே மிகச் சிறிதாகவே தெரியும். வெளியே மட்டும் அளந்து உள்ளிருப்பதை ஐயமறக் கணிக்க முடியுமா என்னும் வினாவைக் கணித முறைப்படி எழுப்பியவர் ஆர்ஜென்ரீன நாட்டு அறிஞர் அல்பேர்ட்டோ கல்தெரோன். இளமையில் அந்நாட்டு அரசாங்க எண்ணெய் நிறுவனத்தில் எந்திரியாக இருந்தபோது, நிலத்துக்கு அடியில் உள்ளதை மின்னால் அறிவதைப் பற்றி அவர் சிந்தித்தார். ஆனால் அதைக் கட்டுரையாக வெளியிட்டதோ 1980இலேதான்! முப்பது ஆண்டளவு ஒரு நல்ல வினா மேசைக்குள் உறங்கியதென்றால் வியப்பாக இல்லையா?

ஏறக்குறைய அதே காலத்தில், இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் பார்பர், பிரவுண் என்னும் இருவர் மனித உடலின் குறுக்குவெட்டை மின்னளவுகளால் வரைந்து காட்டினர். அவர்கள் கையாண்ட உபாயம் எளிது. உள்ளிருப்பது இன்னதென்று முழுமையாகக் கணிக்க முயலாமல், ஒரு கணத்து அளவிலிருந்து மற்றொரு கணத்து அளவைக் கழித்து, மாறியதை மட்டும் படமாக்கினர். நெஞ்சின் வடிவம், தோலின் தன்மை, மின்வாய் சற்று விலகியிருத்தல் ஆகியவற்றால் எழும் பிழைகள் பெரும்பாலும் இரு அளவுகளிலும் ஒன்றாகவே இருப்பதால், கழிக்கும்போது அவை மறைந்துவிடும். மிஞ்சுவது மூச்சு.

ஆகவே இப்படத்தில் விலா எலும்பையோ சிறு கட்டியையோ தேடுவது வீண். சில சென்றிமீற்றரினும் சிறியது எதுவும் தெளிவாகத் தெரியாது. பட்டி கட்டிய மட்டத்துக்கு மேலும் கீழும் நடப்பது சிறிதளவே புலப்படும். மாறாத பகுதி, அது நீர் கோத்ததாயினும் சுருங்கியதாயினும், ஒன்றுபோல் இருண்டே கிடக்கும். எக்ஸ்ரேயின் இடத்தை இது பிடித்துவிடும் என்று எழுதுவோர், படத்தின் பொலிவில் மயங்கியவர்களே.

ஆனால் யந்திரத்தின் அழுத்தத்தை எவ்வளவில் நிறுத்துவது என்னும் கேள்வி எழும்போது, மங்கலான இப்படமே பெருந்துணையாகிறது. மூச்சு வெளியேறிய பின்னரும் சுவாசப்பை சுருங்கிவிடாதபடி யந்திரம் சிறிது அழுத்தத்தை உள்ளே நிறுத்தி வைக்கும். அது குறைந்தால் முதுகுப்புறம் மூடிக்கொள்ளும். கூடினால் முன்புறம் மிகையாக விரியும். பிறேசில் நாட்டுச் சாவோ பவுலோ நகர ஆராய்ச்சியாளர் 2009இல் ஒரு வழி கூறினர். அழுத்தத்தை முதலில் உயர்த்தி, பின் படிப்படியாக இறக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் படத்தின் எப்புள்ளிகள் மிகையாக விரிந்து இறுகியுள்ளன, எவை மூடிக்கொண்டன என்று கணனி கணக்கிடும். இறக்க இறக்க ஒரு கோடு தாழும், மற்றது உயரும். இரண்டும் வெட்டுமிடத்தை அண்டிய அழுத்தமே அந்நோயாளிக்கு ஏற்றது. அடுத்த கட்டிலில் கிடப்பவருக்கு அது வேறாகவே இருக்கும். இம்முறையால் இறப்புக் குறைகிறதென்பது பெரும் ஆய்வுகளால் இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. ஆயினும், கண்ணை மூடிக்கொண்டு ஊதுவதைவிடப் பார்த்து ஊதுவது மேலென்றே கொள்ளத் தோன்றுகிறது.

குறைமாதத்திற் பிறந்த சிசுக்களுக்கும் இத்தகைய பட்டிகள் செய்யப்பட்டுள்ளன. திரும்பத் திரும்பக் கதிர்ப்படம் எடுப்பதைத் தவிர்க்க விரும்பும் இடமன்றோ அது! சிசுவின் மூச்சுக்குழாயிற் செலுத்திய சிறு குழாய் சற்று ஆழமாக இறங்கினாலும் வலப்பக்கக் கிளைக்குள் நுழைந்துவிடும். இடப்பக்கச் சுவாசப்பைக்குக் காற்றுக் கிட்டாது. அப்பொழுது திரையின் ஒரு பாதி இருண்டுவிடும். குழாயைச் சிறிது பின்னிழுத்தால், அடுத்த சில மூச்சுகளுக்குள் இடப்பக்கம் மீண்டும் ஒளிரத் தொடங்கும்.