பாத்தி உங்களுடையது, மடை எல்லோருக்கும் பொது

“சார், நிலம் வாங்குற அளவுக்கு நமக்கு வசதி கிடையாது. கீரை போட ஒரு பாத்தி கிடைச்சா போதும்.”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டது 2020 மே மாதத்தில். கரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தை நம் மாவட்டத்துத் திருமழிசைக்கு மாற்றியிருந்த நேரம். நான் வங்கி வேலையில் ஓய்வு பெற்று, அப்பா விட்டுப்போன கொல்லையில் இயற்கை முறையில் காய்கறி போட்டுக்கொண்டிருந்தேன். இருந்தது ஒன்றரை ஏக்கர். என் உடம்புக்கும் வயசுக்கும் அரை ஏக்கரே அதிகம். மீதி ஒரு ஏக்கரில் கோரையும் அருகும்தான் விளைந்தன. நிலம் இருக்கிறவனுக்கு உழைக்க ஆள் இல்லை, உழைக்க ஆசைப்படுகிறவருக்கு நிலம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தால் என்ன என்று தோன்றியது.

அடுத்த ஆடியில் 8 குடும்பங்களுடன் ஆரம்பித்தோம். இப்போது 30 குடும்பங்கள். இதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘பங்குப் பாத்தி’. இப்படி ஒன்றைத் தொடங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் அனுபவத்தையும், நாங்கள் செய்த தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாம் கண்டுபிடித்தது இல்லை

இங்கிலாந்தில் இது நூறு வருடத்துக்கு மேல் பழகிய முறை. 1908-ல் வந்த சட்டப்படி, ஓர் ஊரில் 6 பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், உள்ளாட்சி அமைப்பு பாத்தி நிலத் தேவையைக் கவனித்தே ஆக வேண்டும். வழக்கமான ஒரு பங்கு 250 சதுர மீட்டர். நம்ம கணக்கில் 6 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல. வருட வாடகை கட்டிவிட்டு, அவரவர் குடும்பத்துக்கு வேண்டியதை அவரவர் விளைவித்துக்கொள்ள வேண்டும். விற்பனைக்கான இடம் அல்ல அது. இரண்டாம் உலகப் போரில் உணவுக் கப்பல்கள் வந்து சேர முடியாமல் தவித்தபோது, அந்த நாட்டு நகரத்து மக்களுக்குக் காய்கறி கொடுத்ததில் இந்தப் பாத்திகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரிலும் 2016 முதல் தேசியப் பூங்காக் கழகம் பாத்திகளை வாடகைக்குக் கொடுக்கிறது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அவ்வளவுதான் ஒரு பாத்தி. மூன்று வருடம் முடிந்தால் அடுத்தவருக்கு விட வேண்டும். அத்தனை சிறிய இடத்துக்கும் ஆள் காத்திருக்கிறது!

கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ வேறு வழி. அங்கே பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஒன்றாகப் பயிர் செய்து, வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அது கூட்டுப் பண்ணை. பங்குப் பாத்தியில் பயிர் தனித்தனி. தண்ணீர், எரு, வேலி, கருவிகள் மட்டும் பொது. இந்த வித்தியாசத்தை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், “நான் உழைச்சேன், அவன் பறிச்சான்” என்ற பேச்சு முதல் மாதமே வந்துவிடும்.

முதல் செலவு மண் பரிசோதனைக்கு

எங்கள் கொல்லையில் நின்றால் புகைபோக்கிகள் தெரியும். தொழிற்பேட்டைப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு கொடுக்கும் மண்வள அட்டையில் கார அமில நிலை, உப்பு, கரிமச்சத்து, தழை மணி சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய 12 விஷயங்கள் இருக்கும். பயிருக்கு அது போதும். ஆனால் சாப்பிடுகிற மனிதனுக்குக் கேடு செய்யும் ஈயம், காட்மியம் அதில் வராது. அதைத் தனியாகப் பணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். மண்ணோடு கிணற்றுத் தண்ணீரையும் கொடுத்துப் பாருங்கள். ரசாயன உரம் போடவில்லை என்பதாலேயே விளைவது நஞ்சில்லா உணவு ஆகிவிடாது.

பரிசோதனையில் அளவு மீறியிருந்தால் அங்கே உணவுப் பயிர் வேண்டாம். பூச்செடி போடுங்கள், மரம் வையுங்கள். அளவுக்குள் இருந்தாலும் எச்சரிக்கை நல்லது. ஈயம் கீரையிலும் கிழங்கிலும் சேருகிற அளவுக்குக் கத்தரி, வெண்டை, புடலை போன்ற காய்களில் சேருவதில்லை. அதனால் ஆலைப் பக்கத்துப் பாத்திகளில் காய்தான் போட வேண்டும் என்பது எங்கள் முடிவு. கீரை உள்பக்கம். வெளிப்பக்கம் முழுக்க நெருக்கமாக உயிர்வேலி. மக்கிய எரு நிறையப் போட்ட மண், ஈயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பயிருக்கு எளிதில் விடாது. இலையில் படிகிற தூசு போக, கீரையை மூன்று தண்ணீரில் அலசச் சொல்கிறோம்.

அளந்து பிரிக்கும்போது

ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். 30 குடும்பத்துக்குத் தலா 2 சென்ட் என்று 60 சென்ட் கொடுத்திருக்கிறோம். மீதி 40 சென்ட் வீண் என்று நினைக்காதீர்கள். பாதை, வடிகால், குட்டை, எருக்குழி, நாற்றுப் பாத்தி, மோட்டார் கொட்டாய், உட்கார ஒரு வேப்பமர நிழல், உயிர்வேலி எல்லாம் அதில்தான். பாதை இரண்டு பேர் கூடையோடு எதிரெதிரே போகிற அகலம் இருக்க வேண்டும். குறைத்தால் வரப்பை மிதித்தே சண்டை வரும்.

வடிகாலின் அருமை எங்களுக்கு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெரிந்தது. தண்ணீர் நின்று, தாழ்ந்த பாத்திகளில் கீரை முழுதும் அழுகிப்போச்சு. ஒவ்வொருவரும் தன் பாத்தித் தண்ணீரைப் பக்கத்துப் பாத்திக்குத் தள்ளப் பார்த்தார்கள். இப்போது நடுவில் ஒரு பொது வடிகால் வெட்டி, புரட்டாசி முடிவதற்குள் எல்லோரும் சேர்ந்து தூர் எடுக்கிறோம். மேட்டுப்பாத்தி கட்டாயம்.

புதிதாக வருபவருக்கு முதலில் ஒரு சென்ட்தான். ஒரு பட்டம் ஒழுங்காகச் செய்தால் அடுத்த சென்ட். ஆசையில் வாங்கிவிட்டு மூன்றாம் வாரம் களையைப் பார்த்து ஓடியவர்கள் உண்டு.

எழுதி வைத்த விதிகள்

மோட்டார் கொட்டாய்ச் சுவரில் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

தண்ணீருக்கு முறை உண்டு. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்து மடை திருப்புவார் அல்லவா? அதே போல மாதம் ஒருவர் இங்கே நீர்க்கட்டி. ஆலையில் ஷிப்ட் மாறுவதால், முதல் ஷிப்ட்காரர்களுக்குச் சாயந்திரம், ராத்திரி ஷிப்ட்காரர்களுக்குக் காலை.

ரசாயன உரம், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி மூன்றும் வேலிக்குள் வரக்கூடாது. 2 சென்ட் பாத்தியில் ஒருவர் அடித்தால் காற்றில் நான்கு பாத்திக்குப் போகும்.

இடுபொருள் பொதுவில் தயாராகும். 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணீர் சேர்த்த ஜீவாமிர்தம் ஒரு ஏக்கருக்கானது. சென்ட்டுக்கு 2 லிட்டர். தனித்தனியாக யாரும் இதைச் செய்ய முடியாது, சேர்ந்தால் ஒரு பீப்பாயில் முடிந்தது. வேப்பங்கொட்டைக் கரைசலும் அப்படியே. 10 லிட்டர் டேங்க்குக்கு அரை கிலோ பருப்பை இடித்து, ராத்திரி ஊற வைத்து வடிகட்டுகிறோம்.

மாதத்தில் முதல் ஞாயிறு இரண்டு மணி நேரம் பொது வேலை. வர முடியாதவர் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பலாம்.

குடும்பத்துக்கு முன்பணம் 500 ரூபாய், மாதம் 100 ரூபாய். மாதம் சேருகிற 3,000 ரூபாயில் மோட்டார் பழுது, குழாய், சாணம், வெல்லம் எல்லாம் அடங்க வேண்டும். வரவு செலவு மாதா மாதம் கரும்பலகையில் எழுதப்படும். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், பத்து ரூபாய் கணக்கு மறைந்தால் பத்து வருட நட்பு போய்விடும்.

இன்னொன்று, வாய்ப்பேச்சில் நிலத்தைக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1955-ம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உழுகிறவரைக் காக்க வந்த நல்ல சட்டம். ஆனால் நாம் செய்வது குத்தகையா, ஒரு பட்டத்துக்கான அனுமதியா என்பது காகிதத்தில் தெளிவாக இல்லாவிட்டால் நிலம் கொடுப்பவர் பயப்படுவார், வாங்குபவரும் நிம்மதியாக இருக்க மாட்டார். ஒரு வக்கீலிடம் காட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

நான் செய்த தப்பு

தரிசாகக் கிடக்கும் பாத்திதான் இந்த முறையின் பெரிய தலைவலி. ஒரு பாத்தியில் களை பூத்து விதை விழுந்தால் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் வேலை. ஆரம்பத்தில் நான் போட்ட விதி, 30 நாள் கவனிக்காவிட்டால் பாத்தி அடுத்தவருக்கு. வங்கியிலேயே வாராக்கடனுக்கு 90 நாள் கொடுப்போம், நான் இங்கே அதிலும் கறாராக இருந்தேன்!

2022 கோடையில் 12-ம் பாத்தி ஒரு மாதத்துக்கு மேல் காய்ந்து கிடந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. காத்திருந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அவர் வந்தார். வலது கையில் கட்டு. வேலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். தான் கொத்திப் பதப்படுத்திய மண்ணில் வேறொருவரின் வெண்டை காய்த்து நிற்பதைப் பார்த்தார். “பரவால்ல சார், விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே” என்றார். வேறு பாத்தி தருகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருடைய 500 ரூபாய் இன்னும் நோட்டில் அவர் பெயருக்கு நேரே நிற்கிறது. அந்தக் கணக்கை நான் மூடவில்லை.

அடுத்த கூட்டத்தில் விதியை மாற்றினோம். 15 நாள் ஒரு பாத்தி கவனிப்பில்லாமல் இருந்தால், பக்கத்துப் பாத்திக்காரர் நேரில் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும், போன் செல்லாது. 30-ம் நாள், களை விதை பிடிப்பதற்குள் பொது வேலையில் அதை அறுத்து மூடாக்காகப் போட்டுவிடுவோம், எழுத்தில் ஒரு அறிவிப்பும் போகும். நோய், பிரசவம், ஷிப்ட் மாற்றம், ஊரில் துக்கம் என்றால் பக்கத்துக்காரர் பயிர் செய்து பாதி விளைச்சலை அந்த வீட்டுக்குக் கொடுப்பார். இவை எதுவும் இல்லாமல் 60 நாள் தாண்டினால்தான் பாத்தி கை மாறும். அதன் பிறகு இதுவரை இரண்டு பாத்திதான் கை மாறியிருக்கிறது. விசாரித்துப் போன வீடுகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கஷ்டம் இருந்தது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாமலே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

விதி இத்தனை இருக்கிறதே, சந்தோஷம் எங்கே என்று கேட்பீர்கள். தண்ணீர் யாருக்கு எப்போது என்ற சண்டை இல்லாததால், பேசுவதற்கு வேறு விஷயம் கிடைக்கிறது. ஞாயிறு காலை வேப்பமரத்தடியில் அவரவர் மிஞ்சியதைக் கொண்டுவந்து வைப்பார்கள். முருங்கைக்கீரை கொடுத்துப் பீர்க்கங்காய் எடுத்துப் போவார்கள். காசு கிடையாது.

எங்களில் ஆறு குடும்பம் ஒடிசா, பீகார்க்காரர்கள். ஒடிசாப் பெண் ஒருவர் பூசணிப் பூவைப் பறித்துக்கொண்டிருந்தபோது, “யம்மா, பூவைப் பறிச்சா காய் எப்படி வரும்?” என்று எங்கள் ஊர்ப் பாட்டி சத்தம் போட்டார். அவர் பறித்தது ஆண் பூ மட்டும். காம்பு நீளமாக, அடியில் பிஞ்சு இல்லாதது. மகரந்தத்துக்கு நாலைந்தை விட்டுவிட்டு மீதியைப் பறித்தால் காய் குறையாது. அரிசியை அரைத்த மாவில் அந்தப் பூவைத் தோய்த்து, தோசைக்கல்லில் போட்டுச் சுட்டுக் கொடுத்தார். மறு வாரம் பாட்டி பாத்தியிலும் ஆண் பூ காணோம்.

கொடிப்பசலை இப்போது எல்லோர் பாத்தியிலும் ஏறியிருக்கிறது. அதுவும் அவர்கள் கொண்டுவந்த பழக்கம்தான்.

தரிசாகக் கிடக்கும் கொல்லை உங்களிடம் இருந்தால், மனைக்குக் கல் நடும் முன் ஒரு தடவை யோசியுங்கள். தை, மாசியிலேயே மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். சித்திரை உழவு ஓட்டி, பலதானியம் விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். ஆடிக்குள் பாதையும் வடிகாலும் வெட்டி முடித்து, ஐந்தாறு குடும்பத்தோடு மட்டும் ஆரம்பியுங்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தண்ணீர் முறையை முதல் பக்கத்திலும், வராதவர் வீட்டுக்கு யார் போய் விசாரிப்பது என்பதை இரண்டாம் பக்கத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.