இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்தும் ஆண்டிபயாடிக் மாத்திரைகளும்

இளமையில் கண்ட மூட்டுக் காய்ச்சல் இருதயத்தின் வால்வைக் கெடுத்துவிட, பின்னாளில் செயற்கை வால்வு பொருத்தப்பெற்றோர் நம் மாவட்டத்துக் கிராமங்களிலும் உளர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் தாமே உருவாக்கிய வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். வெளிநாட்டு வால்வையே நம்பியிருந்த நிலை அன்று முதல் மாறத் தொடங்கிற்று. எந்நாட்டு வால்வாயினும், அது உலோக வால்வாயின், ஆயுள் முழுவதும் ஒரு மாத்திரையை விடாது உண்ண வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் அசிட்ரோம் கொடுப்பார்கள், சிலருக்கு வார்ஃபரின். உண்ணாவிடில் வால்வில் இரத்தம் கட்டும். அக்கட்டி மூளைக்குச் செல்லின் பக்கவாதம்.

இம்மருந்தின் பிறப்பு பயிர்த்தொழில் செய்வோர்க்குச் சுவையானது. 1920-க்குப் பின்னர் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் காயடித்த மாடுகளும் கொம்பு நீக்கிய மாடுகளும் இரத்தம் நில்லாமலே மாண்டன. குளோவர் என்னும் தீவனப்பயிர் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்ததே காரணம் என்று கால்நடை மருத்துவர் ஸ்கோஃபீல்டு கண்டார். 1933-ல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் உறையாத மாட்டு இரத்தத்தைப் பால் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு, பனிப்புயலில் கார்ல் லிங்க் என்பாரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். அங்கு நிகழ்ந்த ஆராய்ச்சியின் வழிவந்த வார்ஃபரின் 1948-ல் எலிப் பாஷாணமாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதர்க்கு மருந்தாயிற்று. பாஷாணமும் மருந்தும் ஒன்றே, அளவே வேறு என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

அந்த அளவை அறிவிப்பது ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை. மருந்து உண்ணாதவர்க்கு அது ஏறத்தாழ 1. உண்போர்க்குப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையே நிறுத்துவர். சில வகை வால்வுகளுக்குச் சற்று மேலாகவும் வேண்டும். பல மாதம் முயன்று தறியின் பாவை இழுத்து நிறுத்துவதுபோல் நிறுத்திய இவ்வளவை, ஐந்து நாள் உண்ணும் ஓர் ஆண்டிபயாடிக் குலைத்துவிடும்.

எவ்வாறெனில், அசிட்ரோமையும் வார்ஃபரினையும் சிதைத்து வெளியேற்றுவது ஈரல். வயிற்றுப்போக்குக்கும் பல் வீக்கத்துக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல், சிறுநீர்க் கடுப்புக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் ஆகிய இரண்டும் ஈரலின் அவ்வேலையைத் தடுப்பன. படர்தாமரைக்கு உண்ணும் ஃபுளூகோனசோலும் அத்தகையதே. மாத்திரையின் எண்ணிக்கை கூடாமலே உடம்பில் மருந்து மிகுந்துவிடும். சிப்ரோஃபிளாக்சசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவற்றிலும் இவ்வபாயம் உண்டு. அமாக்சிசிலினில் குறைவு, ஆயினும் அறவே இல்லையென்று கூறவியலாது. மேலும் காய்ச்சற்காரர் சரிவர உண்பதில்லை. கீரைவகைகளிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ‘கே’ குறையவே மருந்தின் வேகம் இன்னும் ஏறும்.

காசநோய்க்கு உண்ணும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறு. அது ஈரலை முடுக்கிவிடுவதால் மருந்து விரைவில் அழிந்து, வால்வில் கட்டி விழ இடமுண்டாகிறது. டாக்டர் அசிட்ரோம் அளவைப் பெரிதும் உயர்த்த நேரிடும். காசநோய் மருந்து முடிந்ததும் ஈரல் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது உயர்த்திய அளவையே தொடர்ந்து உண்டால் இரத்தப்போக்கு நிச்சயம் என்றே எண்ணிக்கொள்ளலாம். ஆறு மாதம் ஒழுங்காக மருந்துண்டவரும் ஏமாறும் இடம் இதுவே.

ஆகவே ஆண்டிபயாடிக்கை அஞ்சி விலக்குவதா? கூடாது. செயற்கை வால்வில் கிருமி பற்றினால் உயிருக்கே ஆபத்து. வால்வு உடையவர்க்குக் காய்ச்சல் கண்டால், கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். முன்னரே ஆண்டிபயாடிக் உண்டுவிட்டால் இரத்தத்திலுள்ள கிருமி பரிசோதனையில் அகப்படாது போகும். மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்பது சட்டவிரோதம். கேட்டால் கொடுக்கும் கடைகள் இருப்பதை நாம் அறியாதவர்களல்லோம்.

டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, “நான் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்கிறேன்” என்பதே. ஆண்டிபயாடிக் தொடங்கிய மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், நிறுத்திய பின் ஒருமுறையும் பார்க்க வேண்டும். அசிட்ரோமைத் தாமாக நிறுத்துவதும் கூட்டுவதும் கூடா. உடல்வலிக்கு டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்றவற்றைக் கேளாமல் உண்பதும் ஆகாது. ஈறில் இரத்தம், கருமையான மலம், சிவந்த சிறுநீர், காரணமின்றித் தோன்றும் நீலத்தழும்பு ஆகியவற்றைக் கண்டால் அன்றே செல்க. தலையில் அடிபட்டால் வலி இல்லாவிடினும் செல்க. வெட்டுக்காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடியே புறப்பட வேண்டும். (சத்திரப்பட்டி நெசவாளர் நெய்யும் பேண்டேஜ் துணி ஒரு சுருள் வீட்டில் இருப்பது நலம்.)

சாத்தூரை அடுத்த நம் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ல் பட்டாசு ஆலை வெடித்த துயரத்தை எவரும் மறந்திலர். அத்தகைய வேளையில் காயமுற்றவர் பேசும் நிலையில் இருப்பதில்லை. உடன் செல்வோரும் உறவினராக இருப்பதில்லை. ஆதலின் மருந்தின் பெயர், அளவு, எதற்காக உண்பது, வால்வு பொருத்திய ஆண்டு ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி, மேலுறையிட்டுச் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி ஐ.என்.ஆர். அளவையும் தேதியையும் மட்டும் பென்சிலால் எழுதுக. அது மாதந்தோறும் மாறும்.