ஊட்டிக்கு ஏற எத்தனை லிட்டர்?

காரின் விலை எழுபது லட்சமானாலும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான். நல்ல கேள்வி. ஷோரூமில் அதற்கு ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்வார்கள். 2022இல் புதிய சி-கிளாஸ் இந்தியாவுக்கு வந்தபோது மெர்சிடிஸ் சொன்ன கணக்கு இது: பெட்ரோலில் ஓடும் சி 200 லிட்டருக்கு 16.9 கிலோமீட்டர், டீசலில் ஓடும் சி 220 டி 23 கிலோமீட்டர். அந்தக் காரை மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு கடந்து, பர்லியாறு மலைப்பாதையில் ஏற்றிப் பாருங்கள். மீட்டர் போர்டு ஐந்து, ஆறு என்று காட்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் உடனே, "பெரிய இன்ஜின் இல்லையா, குடிக்கத்தான் செய்யும்" என்பார்.

ஆனால் சி 200இன் இன்ஜின் வெறும் 1,496 சிசி. ஒரு காலத்தில் ஊட்டி ஸ்டாண்டில் வரிசையாக நின்ற அம்பாசடர் டாக்ஸிகளின் பெட்ரோல் இன்ஜின் 1,489 சிசி. இரண்டுக்கும் இடையே ஏழு சிசிதான் வித்தியாசம். அம்பாசடர் கொடுத்தது ஐம்பது குதிரைத்திறன் அளவுக்கு. சி 200 கொடுப்பது இருநூறுக்கு மேல். அப்படியென்றால் மலையில் பெட்ரோலைத் தீர்ப்பது எது?

முதலில், ஷோரூமில் சொல்லும் எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அது சாலையில் எடுத்த அளவு அல்ல. ஆய்வுக்கூடத்தில் காரை உருளைகள் மேல் நிறுத்தி, 1,180 வினாடிகளுக்கு ஒரு குறிப்பிட்ட வேகத் திட்டப்படி ஓட்டி எடுப்பது. சுமார் 10.6 கிலோமீட்டர் தூரம், உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏசி ஓடாது. முக்கியமாக, அந்தச் சோதனையில் ஒரு மேடுகூடக் கிடையாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாக் கார்களையும் ஒரே தராசில் நிறுத்தி ஒப்பிட அந்த எண் உதவுகிறது. பர்லியாறைப் பற்றி அது எதுவும் சொல்லாது, அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். நடுவில் ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற்றம். சி-கிளாஸ் அளவுள்ள காரில் நான்கு பேர், பெட்டி படுக்கை எல்லாம் சேர்த்தால் இரண்டு டன் வரும். இரண்டு டன்னை 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? வீட்டு கரண்ட் பில் கணக்கில் சொன்னால், பத்து யூனிட்டுக்குச் சற்று அதிகம். இன்ஜின் பெரியதோ சிறியதோ, ஓட்டுநர் நிதானமானவரோ அவசரக்காரரோ, பர்லியாறு வழியோ கோத்தகிரி வழியோ, இந்தப் பத்து யூனிட்டைக் கொடுக்காமல் ஊட்டிக்குப் போக முடியாது. இயற்பியலில் இதற்குத் தள்ளுபடி கிடையாது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் ஒன்பது யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாக ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போய்விடும். சக்கரத்துக்கு வந்து சேர்வது இரண்டரை முதல் மூன்று யூனிட். ஆகவே தூக்குவதற்கு மட்டுமே மூன்றரை முதல் நான்கு லிட்டர். டயர் உராய்வு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வேகத்தை இழந்து மீண்டும் எடுப்பது, ஏசி இவையெல்லாம் அதற்கு மேல். டீசலில் லிட்டருக்கு ஆற்றல் பத்து யூனிட் அளவுக்கு இருக்கிறது. டீசல் இன்ஜின் அதைக் கூடுதல் திறமையோடு பயன்படுத்தவும் செய்கிறது. அதே வேலை மூன்று லிட்டருக்குள் முடியும். சிறிய ஹேட்ச்பேக் ஒன்று ஆட்களோடு 1.2 டன் என்றால் அதற்கு வேண்டியது ஆறு யூனிட்தான். எதிர்த் திசையில், இரண்டரை டன் எடையுள்ள ஜி.எல்.எஸ். போன்ற எஸ்யூவியில் ஆட்கள் ஏறினால் மூன்று டன்னை நெருங்கும். தூக்கும் செலவும் பதினைந்து யூனிட்டைத் தொடும். மலையில் பணம் போகும் வழி எடைதான். சொகுசு காரின் தோல் இருக்கைகள், அவற்றை நகர்த்தும் மோட்டார்கள், கண்ணாடிக் கூரை, ஒலித்தடுப்பு அட்டைகள், பெரிய சக்கரங்கள் எல்லாமே உங்களோடு சேர்ந்து குன்னூர் ஏறுகின்றன.

சிசி மீது நமக்கு இவ்வளவு கவனம் வந்ததற்கு அரசின் விதிகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள ஜிஎஸ்டி விகிதப்படி, நான்கு மீட்டருக்குள் நீளமும் பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி வரையும் உள்ள கார்களுக்கு 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். 2015 டிசம்பரில் டெல்லி வட்டாரத்தில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சில வாரங்களிலேயே மஹிந்திரா 1.99 லிட்டர் இன்ஜினோடு ஸ்கார்ப்பியோவையும் எக்ஸ்யூவி 500ஐயும் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. வண்டியின் எடை அப்படியேதான் இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தடை நீங்கியது. இன்ஜினுக்குள் பிஸ்டன்கள் நகரும் இடத்தின் கொள்ளளவுதான் சிசி. வரி போடுவதற்கு அது வசதியான அளவு. எரிபொருள் செலவைப் பற்றி அது சொல்வது கொஞ்சமே.

காரின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணும் கைகொடுக்காது. பி.எம்.டபிள்யூ. 330ஐ என்றால் மூன்று லிட்டர் இன்ஜின் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போதைய 330ஐயில் இருப்பது 1,998 சிசி.

இன்ஜின் அளவு மலையில் எங்கே உண்மையாகவே கணக்கில் வருகிறது என்றால், காற்றில். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் உள்ளிழுக்கும் காற்று அந்த அளவுக்குக் குறையும், சக்தியும் அதே அளவுக்குக் குறையும். அம்பாசடர் நான்கு பயணிகளோடு குன்னூருக்கு மேல் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே ஏறியதற்கு இதுதான் காரணம். டர்போ இருந்தால் வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் விசிறி காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. உயரம் கூடும்போது அது இன்னும் வேகமாகச் சுழன்று பெரும்பாலான இழப்பை ஈடுகட்டுகிறது. இன்றைய சொகுசு கார்கள் ஏறக்குறைய எல்லாமே டர்போதான்.

அந்த டர்போவுக்கும் ஒரு விலை உண்டு. சமவெளியில் நிதானமாகப் போகும்போது 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் சிறிய இன்ஜினைப் போலவே சிக்கனமாக நடந்துகொள்ளும். இரண்டு டன்னை ஏற்றத்தில் இழுக்கும்போது, அதுவும் முன்னால் போகும் பஸ்ஸை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, அது பெரிய இன்ஜினின் வேலையைச் செய்தாக வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறும். சூட்டைக் கட்டுப்படுத்த, தேவைக்கு மேல் கொஞ்சம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜின்களும் உண்டு. பெரிய இன்ஜின் அதே இழுவையைக் குறைந்த சுற்றில், அலட்டிக்கொள்ளாமல் கொடுத்துவிடும். சி 200இன் டார்க் 300 நியூட்டன் மீட்டர், சி 220 டியின் டார்க் 440. பர்லியாறு ஏற்றத்தில் டீசல் காரின் சத்தத்தைக் கேட்டாலே வித்தியாசம் புரிந்துவிடும். இரண்டாயிரம் சுற்றைத் தாண்ட அதற்கு அவசியமே வராது. சின்ன இன்ஜின் என்றால் மலையில் மிச்சம் என்பது தவறான நம்பிக்கை.

பெரிய இன்ஜின் தோற்கும் இடம் ஏற்றம் இல்லை, நெரிசல். மே மாதம், மலர்க் கண்காட்சி சமயத்தில் குன்னூரிலிருந்து ஊட்டி வரை வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025இல் சீசனுக்கு, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று சுற்றுலா வண்டிகளுக்கு வரம்பும் வந்தது. அப்படியும் சேரிங் கிராஸில் நின்றாக வேண்டும். நிற்கும் கார் கொடுக்கும் மைலேஜ் பூஜ்யம். ஏசியோடு ஐடிலில் நிற்கும் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்துவிடும். சின்ன இன்ஜினுக்கு அதில் பாதி போதும். நின்றால் தானாக அணையும் வசதி காரில் இருந்தால் அதை அணைத்துவைக்காதீர்கள். ஊட்டிக் குளிரில் ஏசியும் தேவையில்லை.

இனி இறக்கம். செலவழித்த பத்து யூனிட்டில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது இங்கேதான் முடிவாகிறது.

கியரில் இருக்கும் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இன்ஜின்கள் எரிபொருளை முழுவதும் நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது, ஒரு துளியும் செலவில்லை. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறங்குபவர்கள் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். அதைவிட மோசம், இரண்டு டன்னை பிரேக்கை மட்டும் நம்பி இறக்குகிறார்கள். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதை பல குடும்பங்களுக்குக் கொடுமையான சாட்சி. ஆட்டோமேட்டிக் கார்களில் "டி"யில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. வேகம் கூடக் கூட பல கார்கள் மேல் கியருக்குப் போய்விடும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இதழைத் தட்டி இரண்டாம், மூன்றாம் கியருக்கு இறக்குங்கள். எரிபொருளும் மிச்சம், உயிரும் பத்திரம். கெஞ்சிக் கேட்க வேண்டிய ஒரு விஷயம் இந்தக் கட்டுரையில் உண்டென்றால் அது இதுதான்.

ஏறும்போது லிட்டருக்கு 8, இறங்கும்போது 40 என்று மீட்டர் காட்டினால் சராசரி 24 என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஐம்பது கிலோமீட்டர் ஏற ஆறேகால் லிட்டர். ஐம்பது கிலோமீட்டர் இறங்க ஒன்றேகால் லிட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டர், அதாவது லிட்டருக்கு 13 கிலோமீட்டர் சொச்சம். ஷோரூம் எண்ணான 16.9இலிருந்து அது ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை.

ஹைப்ரிட் கார்கள் இந்தக் கதையில் தனி ரகம். 2024 டிசம்பரில் வந்த டொயோட்டா கேம்ரியின் இன்ஜின் 2,487 சிசி. நிறுவனம் சொல்லும் மைலேஜ் 25.49. எடை ஏறக்குறைய சி-கிளாஸ் அளவு, இன்ஜின் ஒரு லிட்டர் பெரியது, மைலேஜோ எட்டரை கிலோமீட்டர் கூடுதல். சிசியை வைத்து இதை எப்படி விளக்குவது? நகர நெரிசலில் பிரேக் பிடிக்கும் ஆற்றலை பேட்டரியில் சேர்த்து, திரும்பக் கொடுத்து அது சாதிக்கிறது. மலை இறக்கத்தில் அந்தச் சாமர்த்தியம் கொஞ்ச தூரம்தான் செல்லும். அதன் பேட்டரி ஒரு யூனிட்டை ஒட்டியது. ஊட்டியிலிருந்து இறங்கும்போது கிடைக்கக்கூடியது பத்து யூனிட். முதல் சில வளைவுகளிலேயே பேட்டரி நிரம்பிவிடும். பிறகு இன்ஜின் சீறும் சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம், இன்ஜினைப் பிரேக்காகப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். பெரிய பேட்டரி கொண்ட மின்சார காரில்தான் இறக்கத்தின் பெரும்பகுதியைச் சேமிக்க இடம் இருக்கிறது. அதற்கும் ஒரு நிபந்தனை: ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் கிளம்பக் கூடாது. நிறைந்த பேட்டரியில் எதையும் ஊற்ற முடியாது. எண்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; மேட்டுப்பாளையம் வரும்போது மீதி கூடியிருக்கும்.

மேலேயே வசிப்பவர்களுக்கு வேறு கணக்கு. கோத்தகிரி எஸ்டேட் பங்களாவிலிருந்து பஜாருக்குப் போய்வரும் காருக்கு அன்றாட ஓட்டம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஜனவரிக் காலையில் இன்ஜின் சூடேறுவதற்குள் பாதி தூரம் போய்விடும். குளிர்ந்த இன்ஜின் எப்போதும் கூடுதலாகக் குடிக்கும். டீசல் கார் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு எல்லா டீசல் கார்களிலும் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க, கார் சீரான வேகத்தில் நிற்காமல் சிறிது நேரம் ஓட வேண்டும். வளைவும் நெளிவுமாக நாலு கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால் அது முடியாது. கார் திரும்பத் திரும்ப முயன்று டீசலை வீணடிக்கும், கடைசியில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஆகவே, சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்துபோகிறவருக்கு டீசலைச் சொல்வேன். எஸ்டேட்டுக்கும் பஜாருக்கும் மட்டும் ஓட்டுபவருக்குச் சொல்ல மாட்டேன். அவருக்கு ஹைப்ரிட்டோ மின்சார காரோ பொருத்தம்.

பங்க்கில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. கலவையில் அது ஆறேழு சதவீதமாக வரும்.

உங்கள் காரின் உண்மைக் கணக்கு வேண்டுமென்றால் மீட்டர் போர்டை விட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு பங்க்கில் ஃபுல் டாங்க் போட்டு, குழாய் தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊட்டி போய் இறங்கி, அதே பங்க்கில் மறுபடியும் குழாய் நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் மைலேஜ். எத்தனை பேர் போனீர்கள், எந்த மாதம் என்பதையும் பில்லின் பின்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்த பயணத்தோடு ஒப்பிட அது வேண்டும்.