கொழும்பு இலகு தொடருந்துத் திட்டம்

கொழும்பு இலகு தொடருந்துத் திட்டம் என்பது இலங்கையின் மாலபேயையும் கொழும்புக் கோட்டையையும் இணைக்கத் திட்டமிடப்பட்டு, 2020இல் கைவிடப்பட்ட உயர்மட்டப் பாதை ஆகும். பத்தரமுல்லை, இராஜகிரிய, பொரளை வழியே செல்லும் இத்தடத்தில் தொடருந்துச் சேவை கிடையாது. பேருந்துகளும் தனியார் வாகனங்களும் ஒரே வீதியில் நெரிசலில் சிக்குகின்றன.

ஜப்பானின் ஜய்க்கா நிறுவனத்துடன் முதற்கட்டக் கடனாகச் சுமார் 3,000 கோடி யென்னுக்கு 2019 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வட்டி 0.1 விழுக்காடு, 12 ஆண்டு சலுகைக் காலம் உட்பட 40 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தலாம்.

செலவு அதிகம், கொழும்புக்குப் பொருத்தமற்றது என்று கூறி 2020 செப்டம்பரில் கோட்டாபய ராஜபக்ச அரசு திட்டத்தை நிறுத்தியது. இத்தகைய பாதைகள் பயணக் கட்டணத்தால் மட்டும் முதலீட்டை மீட்பது அரிது என்பது உண்மையே. ஆனால் மிச்சமாகும் பயண நேரமும் எரிபொருளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. வட்டி குறைவு என்பதாலேயே கடன் மலிவாகிவிடாது என்பதும் கவனிக்கத்தக்கது: யென்னில் வாங்கியதை யென்னிலேயே அடைக்க வேண்டும், ரூபாய் சரிந்தால் சுமை கூடும். எனினும் கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒருதலையாக முறித்ததே கூடுதல் விமர்சனத்துக்குள்ளானது. 2023 மே மாதம் தோக்கியோ சென்ற ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க இதற்காக வருத்தம் தெரிவித்தார்.